நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து

அந்தப் பெட்டி என்னுடையதுதான் சார். காலில் இடிக்கிறதா? இருங்கள், இந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். சக்கரம் வைத்த பெட்டி, பஸ் வளையும்போதெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. சென்னைக்குப் போவதற்கென்று வாங்கியது. மூன்று நாள் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்கு ஒரு தோள்பை போதும். என் வீட்டுக்காரிதான், "புதுப் பெட்டியக் கொண்டு போங்க, நாலு பேரு பாக்கட்டும்" என்றாள். நாலு பேர் பார்த்தார்கள். இப்போது நீங்களும் பார்க்கிறீர்கள்.

தென்காசிக்கா? நான் பாவூர்சத்திரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேசிக்கொண்டே போகலாம்.

நான் ஆம்புலன்ஸில் இருக்கிறேன் சார். டிரைவர் இல்லை. எல்லாரும் முதலில் அப்படித்தான் கேட்கிறார்கள். பின்னால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆள். ஊசி போடுவது, ஆக்சிஜன் வைப்பது, கட்டுக் கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் நான்தான். பதினைந்து வருஷம். ஓடுகிற வண்டியிலேயே பத்தொன்பது பிரசவம் பார்த்திருக்கிறேன். ஒரு பையனுக்கு என் பெயரே வைத்திருக்கிறார்கள், பால்துரை என்று. இப்போது நாலாவது படிக்கிறான்.

எங்கள் வேலையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். புதிதாக என்ன வந்திருக்கிறது, நெஞ்சை எப்படி அழுத்துவது, மூச்சுக்குழாய் எப்படிப் போடுவது என்று சொல்லித் தருவார்கள். தெரிந்ததையே திரும்பச் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பொம்மை ஒன்று படுத்திருக்கும், அதை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். பதினைந்து வருஷம் மனுஷனை அழுத்தியவனுக்குப் பொம்மை வந்து மார்க் போடுகிறது.

போன தடவைகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இந்தத் தடவை போகவில்லை, உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரே ஒரு ஆளை எடுக்கிறார்கள். ஆறு மாதம் சென்னையில் தீவிர சிகிச்சைப் படிப்பு. முடித்துவிட்டு வந்தால் செயற்கைச் சுவாச இயந்திரம், மானிட்டர் எல்லாம் வைத்த புது வண்டி. மாவட்டத்திலேயே அந்த வண்டி ஒன்றுதான் வரும். அதில் ஏறுகிறவனும் ஒருவன்தான். மாவட்டத்தில் சீனியர் யார்? நான். கணக்கு முடிந்ததா இல்லையா? என் வீட்டுக்காரி மைத்துனன் வீடு வரைக்கும் சொல்லிவிட்டாள்.

வடிவுக்குக் கொடுத்துவிட்டார்கள் சார்.

செண்பகவடிவு என்று முழுப் பெயர். நானும் அவளும் ஒரே பேட்ச், ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே வண்டியில் ஆளுக்கொரு ஷிப்ட். நான் இறங்கினால் அவள் ஏறுவாள், அவள் இறங்கினால் நான் ஏறுவேன். சேர்ந்த முதல் வாரம் ஆலங்குளத்தில் ஒரு பைக் விபத்து. ரத்தத்தைப் பார்த்துவிட்டு இவள் மயங்கி விழுந்தாள். அடிபட்டவனை விட்டுவிட்டு இவளுக்குத் தண்ணீர் தெளித்தது யார்? நான். அதை அவள் எங்கேயாவது சொல்லியிருக்கிறாளா? சொல்லியிருக்கிறாள், நானே கேட்டிருக்கிறேன். "பால்துரையண்ணன் இல்லன்னா அன்னிக்கே வேலைய விட்டுட்டு ஓடிருப்பேன்" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். நன்றி சொல்கிறவர்கள் சிரிப்பார்களா சார்?

மருந்துப் பையில் ஒவ்வொரு அறைக்கும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பாள். எனக்கு எது எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடினாலும் தெரியும். என் ஷிப்டில் அதையெல்லாம் பிய்த்துப் போடுவேன். மறுநாள் வந்து பார்த்தால் திரும்ப ஒட்டியிருப்பாள். சண்டை போட மாட்டாள், ஒட்டுவாள். ஐந்து வருஷமாக இதே வேலை. எங்கள் டிரைவர் மைதீன், அவன் எங்கள் இரண்டு பேருக்கும் பொது, "அண்ணே, பிளாஸ்டர் செலவு ஒங்களாலதான்" என்று கிண்டல் பண்ணுவான். அவனும் அவள் கட்சிதான்.

இன்னொன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டால் நம் வேலை முடிந்தது. இவள் விட மாட்டாள். மறுநாள் போன் போட்டு, "நேத்து கொண்டாந்தமே, அந்தக் கேஸ் என்னாச்சு டாக்டர்?" என்று கேட்பாள். கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். நான் கொண்டுபோன கேஸையும் சேர்த்துக் கேட்பாள் சார்! எதற்கு? டாக்டர்களிடம் நல்ல பெயர் வாங்கத்தானே? வாங்கிவிட்டாள். அங்கே போனால் என்னைப் பார்த்து, "வடிவு சிஸ்டர் வரலியா?" என்கிறார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், வராதவளைக் கேட்கிறார்கள்.

எனக்கு நோட்டு தேவையில்லை. எனக்கு இது இருக்கிறது, பாருங்கள். இந்தக் கட்டைவிரல். மணிக்கட்டில் இதை வைத்தால் போதும், ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். மெஷின் பல்லைக் காட்டுகிற இடத்தில்கூட என் விரலுக்குத் துடிப்பு கிடைக்கும். மற்றவர்களுக்குக் கிடைக்காது. சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே வருவார்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டு, "பல்ஸ் இருக்கும்மா, பயப்படாதிய" என்பேன். அந்த வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? என்ன, எனக்கு ஒரு ராசி. வழி நெடுகத் துடிப்பு நன்றாக இருக்கும், ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையும்போது போய்விடும். ஒன்று இரண்டு இல்லை சார், நாலைந்து கேஸ் அப்படி. கீழப்பாவூரில் ஒரு வாழைக்காய் மண்டிக்காரர். அரை மணி நேரம் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன், கனமான துடிப்பு. கேட்டில் வண்டி திரும்புகிறது, போய்விட்டார். டாக்டர் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் என்ன செய்ய? கேட் வரைக்கும் கொண்டு வந்தேன். உள்ளே பார்க்க வேண்டியது அவர்கள்.

சீதபற்பநல்லூர் தாண்டியாயிற்றா? இன்னும் நேரம் இருக்கிறது.

முதல் நாள் வகுப்பு எடுத்தவர் லெவின் என்று ஒரு டாக்டர். நாகர்கோவில்காரர், மீசை முளைத்து நாலு வருஷம் ஆகியிருக்கும். மேடை ஏறியதும், "நாடி பாக்கதுக்குக் கட்டைவிரல் ஆகாது" என்றார். "கட்டைவிரல்ல உங்க துடிப்பே உங்களுக்குத் தெரியும். ஓடி வந்திருப்பீங்க, பயந்திருப்பீங்க, யாரு மேலயாவது கோவமா இருப்பீங்க. உங்க நெஞ்சு அடிக்கத நோயாளிக்க துடிப்புன்னு நினைச்சிருவீங்க. நினைவில்லாம கிடந்தா கழுத்துல ரெண்டு விரல், பத்து செகண்ட். சந்தேகமா இருந்தா இல்லன்னே வச்சுட்டு அழுத்த ஆரம்பிச்சிருங்க." எல்லாரும் எழுதினார்கள். வடிவு எழுதி அடிக்கோடு போட்டாள். போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்?

நான் எழுந்து கேட்டேன். "சார், கட்டைவிரலுக்கும் பதினஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு, அதுக்கு ஏதாவது சலுகை உண்டா?" ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அதுக்குத்தான் முதல்ல ரிட்டயர்மென்ட் குடுக்கணும்" என்றார். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நான் பேசியதற்குச் சிரித்ததுதான் சரியான சிரிப்பு, இரண்டாவது சும்மா ஜால்ரா.

சரி. மூன்றாம் நாள், அதாவது இன்றைக்குக் காலை, எழுத்துத் தேர்வு மார்க்கை ஒட்டினார்கள். வடிவு ஐம்பதுக்கு நாற்பத்தேழு. என் மார்க் எதற்கு, விடுங்கள். இருபத்தொன்பது. எழுத்தில் என்ன இருக்கிறது? எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது. எழுந்து வெளியே வந்தேன்.

பயிற்சி மையத்து வாசலில் ஒரு சர்பத் கடை. வைகுண்டம் அண்ணாச்சி என்று அறுபது வயசு ஆள். மூன்று நாளும் எல்லாருக்கும் நன்னாரி சர்பத் போட்டுக் கொடுத்தவர். நான் போய் நிற்கிறேன், எனக்குப் பின்னால் வடிவு வருகிறாள். அண்ணாச்சி முதல் கிளாஸை என்னைத் தாண்டி அவளுக்கு நீட்டுகிறார். "நாப்பத்தேழாம்லா! இந்தாம்மா, இது என் கணக்கு." சர்பத் கடை வரைக்கும் செய்தி போயிருக்கிறது சார். அவள் அந்தக் கிளாஸை வாங்கி என்னிடம் நீட்டுகிறாள். "நீங்க குடிங்கண்ணே, வேர்த்துருக்கு." அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நெஞ்சு இப்படி, மத்தளம் மாதிரி அடிக்கிறது.

அடுத்த கிளாஸுக்கு எலுமிச்சம்பழத்தை வெட்டிய கை அப்படியே நின்றது. அண்ணாச்சி ஒரு தடவை எங்களைப் பார்த்தார். பிறகு கடை மேஜைக்குப் பின்னால் சரிந்துவிட்டார். பாட்டில் எல்லாம் அவர் மேல்.

முதலில் பாய்ந்தது யார்? நான். பிறகு மையத்தில் எழுதிய அறிக்கையில் அதை யாரும் எழுதவில்லை. ஒரே எட்டில் உள்ளே போய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கட்டைவிரலை வைக்கிறேன், இருக்கிறது சார்! நல்ல துடிப்பு. திம் திம் என்று, ஒரு அடி தவறாமல். நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து. "பல்ஸ் இருக்கு! வெறும் மயக்கந்தான், மூஞ்சில தண்ணியடிங்க!" என்று கத்தினேன். மூச்சும் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

வடிவு மறுபக்கம் மண்டி போட்டுக் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். "இல்லண்ணே" என்றாள்.

"இருக்குங்கேன்லா!"

"அது மூச்சு இல்லண்ணே, கடைசி இழுப்பு. கைய எடுங்க."

"எனக்குச் சொல்லித் தாரியா நீ? உன் மூஞ்சியில தண்ணி அடிச்சவன்டீ நான்!"

அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் என் கையை மணிக்கட்டிலிருந்து பிய்த்து எடுத்தாள். நான் பிய்த்த பிளாஸ்டரைத் திரும்ப ஒட்டுகிற அதே முகம். சட்டையைக் கிழித்து நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டாள். சத்தமாக எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. விலா எலும்பு. நான் சொன்னேன், "ஏய், உயிரோட இருக்க ஆளக் கொல்லப் போறா, புடிங்க அவள!" யாரும் பிடிக்கவில்லை. லெவின் டாக்டர் ஓடிவந்தார், மையத்து வண்டியிலிருந்து ஷாக் கொடுக்கிற மெஷின் வந்தது. ஒட்டினார்கள். எல்லாரும் விலகுங்கள் என்று அது சொன்னது. ஒரு ஷாக். திரும்ப அழுத்தினாள். இன்னொரு ஷாக். நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ இருக்கும். அண்ணாச்சி இருமினார். காலை உதைத்தார்.

வண்டியில் ஏற்றும்போது முனகுகிறார், "கடைய யாரு பாத்துக்கிடுவா?" என்று.

இப்போது நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள் சார். ஆள் பிழைத்துவிட்டார். பிழைத்தார் என்றால் என்ன அர்த்தம்? உயிர் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் அதைத்தானே சொன்னேன்? செத்த ஆள் எங்கேயாவது கடையைப் பற்றிக் கேட்பானா? அநியாயமாக இரண்டு விலா எலும்பு போனதுதான் மிச்சம். அதற்குக் கைத்தட்டல்! அண்ணாச்சி வீட்டம்மா ஓடிவந்து வடிவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். முதலில் பாய்ந்தவன் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு லெவின் டாக்டர் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைப் பேசச் சொன்னார். யார் என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "பல்ஸ் இருந்தது" என்றேன்.

"எவ்வளவுண்ணே?" என்றார் டாக்டர்.

"நூத்திப் பத்து. நல்ல கனமா."

அவர் பையிலிருந்து துடிப்பைக் காட்ட விரலில் மாட்டுகிற கிளிப் இருக்கிறதே, அதை எடுத்து என் விரலில் மாட்டினார். சிவப்பு எழுத்தில் எண் வந்தது. கையால் மறைத்து எனக்கு மட்டும் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கிளிப் பழசு சார். அந்த மையத்தில் எல்லாமே பழசு.

மூன்று மணிக்குப் பெயரை வாசித்தார்கள். சென்னைக்குச் செண்பகவடிவு. எனக்கு ஒரு கவர். அதில் மறுபயிற்சி என்று போட்டிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வர வேண்டும். அது பரவாயில்லை. கீழே ஒரு வரி. பயிற்சியை முடிக்கும் வரை தனியாக நோயாளியோடு வண்டியில் போகக் கூடாது, உடன் ஒருவர் இருக்க வேண்டும். யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவள் சென்னைக்குப் போகும் வரைக்கும் அவளேதான். அவளாகவே கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் ஷிப்டையும் பார்த்துவிட்டு என் ஷிப்டிலும் வந்து உட்காரப் போகிறாள். என் வண்டியில், என் பக்கத்தில், என் கையைப் பார்த்துக்கொண்டு.

கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே என்னைப் பிடித்துவிட்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறேன், அந்தச் சக்கரம் வேறு கடகடவென்று ஊரைக் கூட்டுகிறது. அவள் அண்ணாச்சியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். வழக்கம்போல.

"அண்ணே, கோவமா?"

"எனக்கென்ன கோவம்? நாப்பத்தேழு."

"அதில்ல. கேட்டுக்கிட்ட வந்துதான் போச்சுன்னு சொல்லுவீங்கள்லா... அந்த மண்டிக்காரரு. மறுநாள் நான் டாக்டர்கிட்ட கேட்டேன். அவரு வேற மாதிரி சொன்னாரு. ரெண்டு வருஷமா ஒங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு நெனைக்கேன். அன்னிக்கே சொல்லிருக்கணும். தப்பு என் மேலதான்."

சிரிக்கவில்லை சார் அப்போது. கண் கலங்கியிருந்தது. சீட் கிடைத்தவளுக்கு எதற்குக் கண் கலங்குகிறது?

என்ன சொன்னார் டாக்டர் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். இந்த பஸ்தான்.

அத்தியூத்து வந்துவிட்டதே. அடுத்து எங்கள் ஊர்தான்.

நீங்கள் கையில் கட்டியிருப்பது அந்தப் புது மாதிரி வாட்ச்தானே? நடந்தது, தூங்கியது எல்லாம் காட்டுமாமே. பல்ஸும் காட்டுமா? நல்லதாகப் போயிற்று. கையைக் கொடுங்கள். கொடுங்கள் சார், ஒரு நிமிஷம்தான், அந்தக் கையைக் கொடுங்கள். அந்தச் சின்னப் பையன் டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியட்டும். இதோ, கட்டைவிரல். பேசாதீர்கள்.

பாருங்கள், எவ்வளவு சுத்தமாகக் கிடைக்கிறது! திம், திம், திம். நூறு... நூற்றைந்து... நூற்றுப் பத்து. இவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு இப்படி அடிக்கிறதே. உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா? வாட்ச் என்ன காட்டுகிறது?

எழுபத்து மூன்றா?

விளையாட்டுச் சாமான் சார் அது. இருங்கள். பஸ் குலுங்குகிறது. நகராமல் இருங்கள், வேறு மாதிரி பார்க்கிறேன். இரண்டு விரல்.

...

...

எழுபத்து நாலு.

குறைந்துவிட்டது. நீங்கள் பயந்திருந்தீர்கள், இப்போது தெளிந்துவிட்டது, அவ்வளவுதான். பயந்தால் எல்லாருக்கும் அப்படி ஏறும். என்னோடு பேசினால் குறையும். எத்தனை பேருக்குக் குறைந்திருக்கிறது.

கண்டக்டர், பாவூர்சத்திரம் ஒரு ஆள். காலை எடுத்துக்கொள்ளுங்கள் சார், பெட்டியை இழுக்க வேண்டும்.

அந்த மண்டிக்காரர் கேட் வரைக்கும் இருந்தார் சார். கையை நான்தானே பிடித்திருந்தேன். அரை மணி நேரம், ஒரு நொடி விடவில்லை. அவர் மகள் எதிரில் உட்கார்ந்து என்னிடம், "இருக்கா அண்ணாச்சி, இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நெஞ்சில் கை வைத்து அழுத்த வேண்டும் என்றால் அழுத்தியிருக்க மாட்டேனா? தேவைப்படவில்லை.

இருந்தார். கேட் வரைக்கும் இருந்தார்.